முகத்தோடு விளையாடலாமா?

ஆவணி பிறந்தால் கல்யாணம். பட்டுப் புடவை எடுத்தாயிற்று, பத்திரிகையும் அச்சாகிவிட்டது. மணப்பெண்ணின் மனத்தில் மட்டும் ஒரு சிறு குறை. மேலுதட்டிலும் மோவாயிலும் மெல்லிய ரோமம். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே தோழிகளின் கேலிக்கு இடமளித்த ரோமம் அது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கடைத்தெருவில் புதிதாகத் திறந்த அழகு நிலையத்தின் விளம்பரப் பலகை அவள் கண்ணில் படுகிறது. "வலியில்லை! தழும்பில்லை! ரோமம் இனி முளைக்கவே முளைக்காது! ஆடித் தள்ளுபடி, பாதி விலை!"

அந்தப் பெண் போன வாரம்தான் மாமன் ஊருக்குப் போய், அம்மன் திருவிழாவில் மூன்று நாள் வெயிலில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. அதைப் பற்றி அழகு நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தார்கள், யந்திரத்தை முகத்தில் வைத்தார்கள், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. "சுரீர் என்கிறதே!" என்றாள் பெண். "அப்படித்தான் இருக்கும், அம்மா!" என்று பதில் வந்தது.

அன்று இரவு முகம் எரிந்தது. மறுநாள் கொப்புளங்கள் கிளம்பின. ஒரு வாரம் கழித்துக் கொப்புளம் ஆறியபோது, யந்திரத்தின் முனை எந்த வடிவமோ அதே வடிவத்தில், கன்னத்தில் வரிசையாகக் கருந்திட்டுகள் நின்றன. ரோமம் மறைப்பதற்காகப் போன பெண், இப்போது முகத்தையே மறைத்துக்கொண்டு மணவறையில் உட்கார வேண்டியதாயிற்று.

இந்தப் பெண்ணுக்கு ஊரும் பேரும் கிடையாது. விஷயத்தை விளக்குவதற்காகச் சொன்ன கற்பனைதான். ஆனால் இதில் சொன்ன ஒவ்வொரு தவறும் உண்மையாக நடக்கக்கூடியது. ஒவ்வொரு தவறும் தடுக்கக்கூடியது என்பதுதான் அதைவிட முக்கியம்.

ஆசை குற்றமல்ல

"கடவுள் கொடுத்த முகம் போதாதா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் குறைவு. முகத்தில் ரோமம் அடர்ந்த பெண் படும் மனவேதனையை அவளும் அவள் கண்ணாடியும்தான் அறியும். பிறவியிலேயே கன்னத்தில் செம்மச்சத்துடன் வளர்ந்த பிள்ளை, அம்மைத் தழும்பும் பருத் தழும்பும் சுமக்கும் இளைஞன், அறியாத வயதில் குத்திக்கொண்ட பச்சையை அழிக்க விரும்புகிறவர் ஆகிய எல்லோருக்கும் லேசர் ஒரு வரப்பிரசாதம். முன்பு கத்தியாலும் காரத்தாலும் செய்த வேலையை, இன்று அது சில மணித்துளிகளில் செய்கிறது.

ஆகவே லேசர் வேண்டாம் என்று சொல்வது அறிவுடைமையாகாது. யார் கையில், எந்த முறையில், எந்த முகத்தில் என்பதே கேள்வி. கத்தி ஒன்றுதான். சமையற்காரன் கையில் காய் நறுக்குகிறது. வைத்தியர் கையில் உயிர் காக்கிறது. குழந்தை கையில் விரலை வெட்டுகிறது. லேசரும் அப்படித்தான். அது அழகுச் சாதனம் போல அலங்கார மேஜையில் நிற்கிறது. ஆனால் பிறப்பால் அது ஒரு மருத்துவ ஆயுதம்.

ஒளியின் கதை

லேசர் கிரணம் உண்டாக அடிப்படையான தத்துவத்தை 1917-ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஐன்ஸ்டீன். 43 ஆண்டுகள் கழித்து, 1960-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி, செம்மணிக் கல்லைக் கொண்டு முதல் லேசர் கிரணத்தை உண்டாக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே சின்சின்னாட்டி நகரத்தில் லியோன் கோல்ட்மன் என்ற சரும வைத்தியர் அதற்கென ஒரு சோதனைச் சாலை அமைத்தார். சருமத்தின் மீது லேசரைப் பிரயோகித்து ஆராய்ந்த முன்னோடி அவரே. லேசர் அழகுக்கலைக்கு வந்தது பின்னால்தான். அதை முதலில் வளர்த்தது வைத்தியர் கை.

ஆனால் அந்த நாட்களில் லேசர் முரட்டுக் குதிரையாக இருந்தது. வேண்டிய இடத்தையும் சுட்டது. வேண்டாத இடத்தையும் சுட்டது. அதற்குக் கடிவாளம் போட்டவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள். அவர்கள் 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட விதி மிகவும் எளியது. எந்தப் பொருளைச் சுட வேண்டுமோ, அந்தப் பொருளின் நிறம் உறிஞ்சக்கூடிய ஒளியைத் தேர்ந்தெடு. சூடு பக்கத்தில் பரவுவதற்கு முன்பே ஒளியை நிறுத்து. வேலை முடிவதற்குப் போதிய சக்தியை மட்டும் கொடு.

வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டால் எது அதிகமாகச் சுடும்? கறுப்புத் துணிதான். அதே கதைதான் இங்கேயும். ரோமத்தின் கருமைக்குக் காரணம் மெலனின் என்ற நிறப்பொருள். லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சிச் சூடாகிறது. சூடு வேர்வரை இறங்கி, ரோமம் முளைக்கும் இடத்தை முடக்குகிறது. ரோமத்தை நீக்கும் சிகிச்சையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

நம் நிறமும் நம் ஆபத்தும்

சூட்சுமம் எளியதுதான். சிக்கல் எங்கே வருகிறது? ரோமத்தில் இருக்கும் அதே மெலனின் நம் சருமத்திலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் மேனியில் கறுப்பு ரோமம் என்றால், வெள்ளைச் சுவரில் கரிக்கோடு போட்டது மாதிரி. ஒளி தன் இலக்கைத் தப்பாமல் பிடிக்கும். நம் மாநிற மேனியில் சுவரும் கோடும் கிட்டத்தட்ட ஒரே சாயல். ரோமத்துக்காக அனுப்பிய ஒளியை வழியிலேயே சருமம் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய சருமம் சுடுகிறது, கொப்பளிக்கிறது, பிறகு கறுக்கிறது, அல்லது நிறமே இழந்து வெளுக்கிறது. கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். வெளுப்பு சில சமயம் போகாமலே நின்றுவிடும்.

ஹார்வர்ட் சரும நிபுணர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ஆம் ஆண்டு வகுத்த முறை பின்னர் விரிவாக்கப்பட்டு, இன்று மனிதச் சருமத்தை 6 வகையாகப் பிரிக்கிறது. வெயில் பட்டால் சிவந்து எரிந்துபோகும் மிக வெளுத்த சருமம் முதல் வகை. மிகக் கறுத்த சருமம் ஆறாம் வகை. நம் நாட்டவர் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவார்கள். முதல் வகைக்கு ஏற்ற அளவை ஐந்தாம் வகைக்கு வைத்தால், அது சிகிச்சை ஆகாது, சூடு போடுவதாகும்.

யந்திரங்களும் ஒரே ஜாதி அல்ல. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டர் என்ற கணக்கில் அளக்கிறார்கள். செம்மணி லேசர் 694. அலெக்ஸாண்டிரைட் லேசர் 755. டயோட் லேசர் சுமார் 810. என்டி-யாக் லேசர் 1064. எண் கூடக் கூட, மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைகிறது. ஒளி ஆழமாக இறங்குகிறது. ஆகவே கறுத்த மேனிக்கு 1064 அதிகப் பாதுகாப்பானது. மெல்லிய ரோமத்தில் அதன் வேகம் குறைவுதான். என்றாலும் வேகத்தைவிட முகம் பெரிதல்லவா?

"லேசர்" என்ற பெயரில் பல இடங்களில் வேறொரு ஒளியும் நடமாடுகிறது. ஐ.பி.எல். என்று அதைச் சொல்வார்கள். அது ஒரே அலைநீளமுள்ள லேசர் அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சிடும் விளக்கு. நிபுணர் கையில் அதற்கும் பயன் உண்டு. ஆனால் கறுத்த சருமத்தில் அது இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும் பொருள். எந்த யந்திரம் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாத இடத்தில், முகத்தைக் கொடுப்பது புத்திசாலித்தனமா?

முதல் வேலை கேள்வி கேட்பது

நல்ல வைத்தியர் யந்திரத்தைத் தொடுவதற்கு முன்பு வாயைத் திறப்பார். நிறையக் கேட்பார்.

மோவாயில் ரோமம் திடீரென்று முரடாக வளர்கிறதா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? சூலகத்தில் நீர்க்கட்டி உண்டாக்கும் ஹார்மோன் கோளாறு காரணமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ரோமத்தை மட்டும் சுட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். பணம் போகும், ரோமம் திரும்பும்.

பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறாயா? வெயில் பட்டால் தடிப்பை உண்டாக்கும் வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா? வெட்டுக்காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்பா? உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருமா? கர்ப்பமா? நிறம் வெளுக்கும் என்று கடையில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசியிருக்கிறாயா? களிம்பு தின்று மெலிந்துபோன சருமம், ஒளியைத் தாங்கும் சருமமல்ல.

மச்சத்தை எடுக்க வந்தவரிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. மச்சம் சமீபத்தில் பெருத்ததா? நிறம் மாறியதா? ரத்தம் கசிந்ததா? மச்சத்தின் வேஷத்தில் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். அதை லேசரால் சுட்டு மறைத்தால், மேலே மூடியபடி உள்ளே நோய் பரவும். சந்தேகமுள்ள மச்சத்தை முதலில் சோதிக்க வேண்டும், சுடக் கூடாது.

இவ்வளவையும் கேட்காத இடத்தில் சிகிச்சை மலிவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? கேள்விக்கும் நேரம் வேண்டும். நேரத்துக்கும் விலை உண்டு.

வெயிலும் பொறுமையும்

கதையில் வந்த பெண்ணின் முதல் தவறு திருவிழா வெயில். வெயிலில் கறுத்த சருமத்தில் மெலனின் கூடியிருக்கும். அந்த நேரத்தில் லேசர் பட்டால் சருமம் சுடுவதற்கு வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் சில வாரங்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும். முடியாதவர்கள் குடை பிடிக்க வேண்டும். வெயில் தடுக்கும் களிம்பைத் தவறாமல் பூச வேண்டும். நம் ஊர் வெயிலில் இது கஷ்டம்தான். கஷ்டமென்றால் சிகிச்சையைத் தள்ளிப் போடலாமே தவிர, விதியைத் தள்ளிப் போட முடியாது.

இரண்டாவது, சோதனைப் புள்ளி. காதுக்குப் பக்கத்திலோ தாடைக்கு அடியிலோ, மறைவான இடத்தில் சிறிது ஒளி பாய்ச்சிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். கொப்புளம் உடனே தெரியும்; கருமை மெதுவாகத் தெரியும். ஆகவே நம் நிறத்தவருக்குச் சில நாள் போதாது. சில வாரம் பொறுப்பதே நல்லது. புடவைக்குச் சாயம் ஒட்டுமா என்று மூலையை நனைத்துப் பார்க்கிறோம். முகத்துக்கு அந்த மரியாதை வேண்டாமா?

மூன்றாவது, கல்யாணத் தேதி. ரோமம் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில உறங்கும். வளரும் ரோமத்தைத்தான் லேசர் பிடிக்கும். அதனால்தான் நாலைந்து வாரங்களோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, பல தடவை செய்ய வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்குவது, அறுவடைக்கு முந்திய நாள் விதைப்பது போன்றது. இடையில் நூலால் பிடுங்குவதோ மெழுகிட்டு உரிப்பதோ கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளி எதைப் பிடிக்கும்? சவரம் செய்துகொள்ளலாம், வேர் உள்ளே இருக்கும்.

மரத்துப்போகும் மருந்தும் மரணமும்

"வலியே தெரியாது, இந்தக் களிம்பைப் பூசிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வதுண்டு. சிறிதளவு பூசினால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒரு விபரீதத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

22 வயதும் 25 வயதுமான இரண்டு பெண்கள். கால் ரோமத்தை லேசரால் நீக்கிக்கொள்ளப் புறப்பட்டார்கள். வலி தெரியாமல் இருக்க, மரத்துப்போகச் செய்யும் வீரியமுள்ள களிம்பைக் கால் முழுவதும் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். அப்படிச் செய்யும்படிதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. களிம்பிலிருந்த மருந்து சருமத்தின் வழியாக ரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்தது. இருவருக்கும் வலிப்பு வந்தது, நினைவிழந்தார்கள், இறந்துபோனார்கள். 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைச் சொல்லி நாட்டையே எச்சரித்தது.

லேசர் அவர்களைக் கொல்லவில்லை. லேசருக்கு முன்பு கொடுத்த அலட்சிய யோசனை கொன்றது. களிம்பு எவ்வளவு, எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம் என்பதை வைத்தியர் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய பரப்பில் பூசி மூடிக் கட்டுவது கூடவே கூடாது.

கண்ணே போய்விடும்

முகத்துத் தழும்பு பெரிய துக்கம். கண் போவது அதைவிடப் பெரிய துக்கம். டயோட், அலெக்ஸாண்டிரைட், என்டி-யாக் மூன்றின் ஒளியும் கண்ணின் விழித்திரை வரை செல்லக்கூடியவை. என்டி-யாக் ஒளி கண்ணுக்கே தெரியாது. தெரிந்த ஒளி என்றால் கண் தானாகச் சிமிட்டும். தெரியாத ஒளிக்குச் சிமிட்டாது. பார்வை போன பிறகுதான் ஒளி வந்தது தெரியும்.

ஆகவே அறையில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். சாதாரணக் குளிர்க்கண்ணாடி போதாது. எந்த அலைநீளத்தைத் தடுக்கும், எவ்வளவு தடுக்கும் என்று கண்ணாடியின் மேலேயே அச்சிட்டிருக்கும். 755-க்கு உரிய கண்ணாடி 1064-க்கு உதவாது. முகத்தில் செய்யும்போது சிகிச்சை பெறுகிறவருக்கு ஒளி புகாத கண்மூடி வேண்டும். புருவத்துக்குக் கீழே, கண்குழிக்கு உட்புறம் ரோமம் நீக்கும் லேசரைக் கொண்டுபோகக் கூடாது. இமை மெல்லியது, மூடிய இமை கதவல்ல, திரைதான். புருவத்தருகே லேசர் வைத்ததால் கருவிழித்திரை வெந்து, கண் சிவந்து, பாப்பாவின் வடிவம் மாறிப்போன கதைகளை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன.

இன்னொரு விஷயம். அழகு நிலையம் என்றால் நாலு சுவரிலும் நிலைக்கண்ணாடி. லேசர் அறையில் இருக்கக்கூடாத பொருள் அதுதான். கிரணம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எங்கோ நிற்பவர் கண்ணில் விழலாம். நிலைக்கண்ணாடியை மூட வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். வெளியே எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். காது, கழுத்து நகைகளைக் கழற்றி வைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவிய இடம் நன்றாகக் காய வேண்டும்; இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

வலி ஒரு தூதன்

சிகிச்சை நடக்கும்போது சருமத்தைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல யந்திரங்களில் முனையே பனிபோல் குளிரும். அல்லது குளிர்ந்த காற்று வீசும். மேல்தோல் குளிர்ந்திருக்கும், உள்ளே வேர் மட்டும் சுடும். குளிர்ச்சி நின்றுபோனால் வேலையும் நிற்க வேண்டும்.

ரப்பரால் சுண்டினாற்போலச் சிறு வலி இருக்கும். அது சகஜம். பொறுக்க முடியாத எரிச்சல் சகஜமல்ல. வலி என்பது சருமம் அனுப்பும் தூதன். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தூதனைத் துரத்தக் கூடாது. யந்திரத்தை நிறுத்தி, சருமத்தைப் பார்த்து, அளவைக் குறைக்க வேண்டும். சருமம் வெளுத்தாலோ சாம்பல் நிறம் கண்டாலோ அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

கருகும் ரோமத்தின் புகையும் சாதாரணமானதல்ல. அதில் நச்சு வாயுக்கள் உண்டு. வருகிறவர் ஒரு நாள் சுவாசிக்கிறார்; வேலை செய்யும் பெண் தினம் சுவாசிக்கிறாள். புகையை உறிஞ்சி வெளியேற்றும் சாதனம் அவளுடைய உரிமை.

வீடு திரும்பிய பிறகு சில மணி நேரம் சிவப்பும் சிறு வீக்கமும் இருக்கலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். கொப்புளம் வந்தால், வலி மறுநாளும் நின்றால், உடனே வைத்தியரிடம் போக வேண்டும். பற்பசை, மை, மாவு என்று கைக்கு அகப்பட்டதைப் பூசக் கூடாது. கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்பக்கூடாத வாக்குறுதிகள்

"ரோமம் இனி முளைக்கவே முளைக்காது" என்பது முதல் பொய். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த யந்திரங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கும் சொல் "நிரந்தரக் குறைப்பு". குறையும், அடியோடு ஒழியும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வேடிக்கை என்னவென்றால், சிலருக்கு, முக்கியமாக முகத்தில் மெல்லிய ரோமமுள்ள மாநிறப் பெண்களுக்கு, லேசர் பட்ட பிறகு ரோமம் முன்னைவிட அதிகமாக வளர்வதும் உண்டு. இது வைத்தியர்கள் நன்கு அறிந்த விஷயம். விளம்பரப் பலகைக்கு மட்டும்தான் தெரியாது.

"நரைத்த ரோமமும் போகும்" என்பது இரண்டாவது பொய். நரையில் மெலனின் இல்லை. ஒளிக்கு அங்கே பிடி இல்லை.

"மங்கு ஒரே தடவையில் மறையும்" என்பது மூன்றாவது. கன்னத்தில் படரும் மங்கு சூட்டைக் கண்டால் சினந்துகொள்ளும் இயல்புடையது. லேசரால் வெளுத்து, சில மாதத்தில் முன்னைவிடக் கறுத்துத் திரும்புவது உண்டு. வெயில் தடுப்பும் வைத்தியர் தரும் களிம்புமே அதற்கு முதல் மருந்து.

"எந்தப் பச்சையும் சுத்தமாக அழியும்" என்பது நான்காவது. கறுப்பு மை ஓரளவு இணங்கும். உதட்டுக்கும் புருவத்துக்கும் குத்திக்கொள்ளும் வெள்ளை, இளஞ்சிவப்பு மைகள், லேசர் பட்டதும் கறுத்துவிடக்கூடும்.

யார் கை?

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இதுதான். அமெரிக்காவில் 1999 முதல் 2012 வரை லேசர் சரும சிகிச்சையால் காயமுற்றவர்கள் தொடுத்த வழக்குகளில் 175 வழக்குகளை ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவற்றில் 75 வழக்குகளில் லேசரைப் பிடித்தவர் வைத்தியர் அல்லாதவர். 2008-ஆம் ஆண்டு நூற்றுக்கு 36 ஆக இருந்த இந்தக் கணக்கு, 2011-ஆம் ஆண்டு 78 ஆக உயர்ந்தது. எல்லாவற்றிலும் அதிகமாக வழக்குக்கு வந்தது ரோமம் நீக்கும் சிகிச்சைதான். எது மிகச் சுலபம் என்று நினைக்கிறோமோ, அதில்தான் கைகள் அலட்சியமாகின்றன.

நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு, தலைமுடி நடும் சிகிச்சை பற்றிய விதிமுறைகளை வெளியிட்டபோது, யூடியூபில் பார்த்துக் கற்பது அழகுச் சிகிச்சைக்குப் போதிய பயிற்சி ஆகாது என்று எழுதிற்று. இதை எழுத வேண்டிய நிலை வந்ததே ஒரு செய்தி அல்லவா? தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018-ஆம் ஆண்டு வந்தன. மருத்துவம் செய்யும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். லேசரால் சருமத்தைச் சுடுவது மருத்துவம் இல்லை என்றால், வேறு எதுதான் மருத்துவம்?

அழகு நிலையத்தில் வேலை செய்யும் பெண்ணின் மேல் மட்டும் பழி போடுவது தர்மமாகாது. குடும்பத்தைக் காப்பாற்ற வந்தவள் அவள். யந்திரத்தை விற்றவர் காட்டிக் கொடுத்த பாடமே முழுப் பயிற்சி என்று அவளை நிறுத்தினால், குற்றம் நிறுத்திய முதலாளியுடையது. பயிற்சி பெற்ற உதவியாளர் லேசரைப் பிடிக்கலாம். ஆனால் சருமத்தைச் சோதித்து, அளவைத் தீர்மானித்து, தவறு நேர்ந்தால் கை கொடுக்க, வைத்தியர் அதே இடத்தில் இருக்க வேண்டும். பலகையில் பெயரும், ஊரில் வேறெங்கோ ஆளுமாக இருக்கும் வைத்தியரால் கொப்புளம் ஆறாது.

சர்க்கார் அதிகாரிகள் பதிவுச் சான்றிதழைப் பார்ப்பதோடு நில்லாமல், யந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். அங்கே தக்க பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதா, சிகிச்சைக் குறிப்பேடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்த பிறகு பூட்டும் கதவைவிட, வருவதற்கு முன்பு கேட்கும் கேள்வி மேல்.

கேட்க வெட்கப்படாதீர்கள்

சர்க்கார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தாமே காவலராகலாம். பணம் கட்டுவதற்கு முன்பு ஏழு கேள்விகளைக் கேளுங்கள்.

வைத்தியர் யார்? சரும வைத்தியத்தில் பட்டம் பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு உண்டா? யந்திரத்தைப் பிடிக்கப் போகிறவர் யார், வைத்தியர் அருகில் இருப்பாரா? யந்திரம் என்ன வகை, என் நிறத்துக்கு ஏற்றதா? சோதனைப் புள்ளி போடுவீர்களா? கண்ணுக்கு என்ன பாதுகாப்பு? எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? கொப்புளம் வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது?

நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளைக் கேட்டு மகிழ்வார். பதிலையும் எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் வைத்த அளவைக் குறித்துக்கொள்வார். சில சமயம், "உனக்கு லேசர் வேண்டாம், அம்மா" என்றும் சொல்வார். அப்படிச் சொல்லக்கூடிய இடமே நம்பத் தகுந்த இடம். கேள்வி கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒளிக்குக் கண் கிடையாது. எது ரோமம், எது மேனி என்று அது பார்ப்பதில்லை; எது கறுப்பு என்றுதான் பார்க்கிறது. பார்க்க வேண்டியவர் யந்திரத்தைப் பிடித்திருக்கும் மனிதர். அவருக்குப் பார்க்கத் தெரியுமா என்று கேட்க வேண்டியவர் நாற்காலியில் உட்காரப் போகிறவர்.

மணப்பெண்ணுக்கு மூன்று வாரத்தில் ரோமம் போகாவிட்டால் கல்யாணம் நின்றுவிடாது. மோவாயில் நாலு ரோமம் இருந்தால் தாலி ஏறாமல் போவதில்லை. ஆவணி தவறினால் அடுத்த ஆவணி வரும்; முகம் தவறினால் அடுத்த முகம் வராது.